அக்காள் தங்கை இல்லாதவள் யாரோடு ஆடுவாள்?

பெண்கள் செஸ் வரலாற்றைப் புரட்டினால் பெயர்கள் தனித்தனியாக வருவதில்லை. ஒரே வீட்டிலிருந்து இரண்டு, மூன்றாக வருகின்றன. 1974இல் நடந்த இந்தியாவின் முதல் தேசியப் பெண்கள் சாம்பியன்ஷிப்பை வென்றவர் வாசந்தி காடில்கர். அவருடைய சகோதரிகள் ஜெயஸ்ரீயும் ரோகிணியும் அடுத்த பத்தாண்டுக்கு அந்தப் பட்டத்தை அதிகமாக வெளியே போக விடவில்லை. 2001இல் இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆன சென்னை விஜயலட்சுமி சுப்பராமனுக்கு மீனாட்சி, பானுப்பிரியா என்று இரண்டு தங்கைகள். இருவரும் ஆட்டக்காரர்கள், மீனாட்சி பின்னாளில் அதே பட்டத்தை எட்டினார். ஹங்கேரியில் சூசன், சோஃபியா, ஜூடித் என்று போல்கர் சகோதரிகள் மூவர். உக்ரைனில் முசிச்சுக் சகோதரிகள், ரஷ்யாவில் கோசின்ட்சேவா சகோதரிகள். நம் காலத்து வைஷாலிக்குத் தம்பி பிரக்ஞானந்தா. உலகில் அக்காளும் தம்பியுமாகக் கிராண்ட்மாஸ்டர் ஆன முதல் ஜோடி அவர்கள்தான். இதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம், ரத்தத்தில் ஓடுகிற திறமை என்று சொல்லி முடிப்பதும் சோம்பேறித்தனம். அந்த வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு சிறிய செஸ் அணியாக இருந்தன என்பதே என் வாதம். அப்படிப்பட்ட வீட்டில் பிறக்காத பெண்ணுக்கு அந்த அணியை யார் தருவது என்ற கேள்விக்கு திருவண்ணாமலைப் பக்கத்து ஜவ்வாது மலையின் பழங்குடிப் பெண் பிள்ளைகளை மனதில் வைத்து விடை தேட வேண்டும்.

அணி ஏன் தேவை என்பது ஓப்பனிங் என்ற சங்கதியைப் புரிந்துகொண்டால்தான் விளங்கும். ஆட்டத்தின் முதல் பத்துப் பதினைந்து நகர்த்தல்களை ஓப்பனிங் என்கிறார்கள். வெள்ளைக்காய் ஆடுபவருக்கு முதல் நகர்த்தலில் இருபது வழிகள்: எட்டுச் சிப்பாய்களில் எதையும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ தள்ளலாம், இரண்டு குதிரைகளையும் இரண்டு விதமாகத் தாண்ட வைக்கலாம். கறுப்புக்கும் அதே இருபது. ஆளுக்கு ஒரு நகர்த்தல் முடிந்ததுமே பலகையில் 400 விதமான நிலைகள் வரக்கூடும். இந்தக் காட்டுக்குள் பாதை போட்டவர்கள் பல தலைமுறை ஆட்டக்காரர்கள். சிசிலியன், கேரோ கான், இத்தாலியன், ராணி காம்பிட் என்று பெயர் சூட்டி, 500 குறியீடுகளாகப் பிரித்து, ஐந்து தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியமாகவே அடுக்கிவிட்டார்கள். சிப்பாயை நடுவுக்குத் தள்ளு, குதிரையையும் பிஷப்பையும் சீக்கிரம் வெளியே கொண்டு வா, ராஜாவுக்குக் கோட்டை கட்டு என்ற மூன்று விதிகளை எந்த ஆசிரியரும் ஒரு மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். அதற்கு அடுத்த படியில்தான் வித்தியாசம் தொடங்குகிறது. எதிராளி என்ன ஆடுவார், அதற்கு நம் பதில் என்ன, அந்தப் பதிலுக்கு அவர் கையில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது தனியாக உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை அல்ல.

ஒரு பழைய ஆட்டத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். 1988 நவம்பரில் கிரீஸின் தெசலோனிகி நகரில், நாடுகள் அணிகளாக மோதும் பெண்கள் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. ஹங்கேரி அணியில் ஆடிய நால்வரில் மூவர் போல்கர் சகோதரிகள், நான்காமவர் இல்டிகோ மாடல். அணியின் இரண்டாவது இடத்தில், அதாவது இரண்டாவது போர்டில், ஆடிய ஜூடித்துக்கு வயது 12. பல்கேரியாவின் பாவ்லினா ஆஞ்சலோவாவுக்கு எதிராக வெள்ளைக்காயோடு உட்கார்ந்த ஜூடித், ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். ஆஞ்சலோவா அதற்கு நேரெதிரே சிப்பாயை நிறுத்தாமல், ராணியின் பக்கத்து பிஷப்புக்கு முன்னால் இருந்ததை இரண்டு கட்டம் தள்ளினார். இதுதான் சிசிலியன் தற்காப்பு. இரு தரப்பிலும் ஒரு குதிரை வெளியே வந்தது. மூன்றாவது நகர்த்தலில் ஜூடித்தின் பிஷப் பலகையைக் கடந்து போய்க் கறுப்புக் குதிரையை மிரட்டியது. ரொஸொலிமோ என்று பெயர் பெற்ற முறை இது. நான்காவது நகர்த்தலிலேயே அவர் கோட்டை கட்டிவிட்டார். ஆறாவதில், கறுப்பு ராஜா இன்னும் நடுவில் நின்றுகொண்டிருக்கும்போதே, மையச் சிப்பாயைத் தள்ளிப் பலகையின் நடுப்பகுதியைத் திறந்தார். தன் ராஜா பத்திரமாக இருக்கும்போது எதிராளியின் ராஜா நிற்கும் வாசலைத் திறந்துவிடுவது என்ற ஒரே எண்ணம் அந்த ஆறு நகர்த்தல்களிலும் ஓடுகிறது. 17 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. பன்னிரண்டு வயதுக் குழந்தை பலகைக்கு முன்னால் உட்கார்ந்து அதையெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்தது என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. அப்பா லாஸ்லோ வீட்டிலேயே பாடம் நடத்தினார், இரண்டு அக்காள்மார் எதிரே உட்கார்ந்து ஆடினார்கள். அந்த ஒலிம்பியாடில் ஜூடித் 13 ஆட்டங்களில் 12.5 புள்ளி எடுத்தார். ஹங்கேரி, சோவியத் ஒன்றியத்தை அரைப் புள்ளியில் முந்தித் தங்கம் வென்றது.

ஓப்பனிங் தயாரிப்பை நாம் வழக்கமாக மனப்பாடம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது ஒரு வகைப் பகிர்மானம். ஒருத்தி சிசிலியனைக் கரைத்துக் குடிக்கிறாள், இன்னொருத்தி கேரோ கானை எடுத்துக்கொள்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடும்போது, ஒருத்தி படித்ததை மற்றவள் தோற்றுத் தோற்றுக் கற்கிறாள். ‘இந்த இடத்தில் குதிரையை இங்கே வைத்தால் என்ன ஆகும்’ என்று கேட்க ஆள் வேண்டும். ‘வைத்துப் பார்’ என்று எதிரே உட்காரவும் ஆள் வேண்டும். இந்த வசதி வீட்டில் இல்லாதவர்கள் அதைப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். தனிப் பயிற்சியாளர், வாராந்திர வகுப்பு, வெளியூர்ப் போட்டி, கூடப் போக அம்மா அல்லது அப்பா என்று செலவு நீள்கிறது. வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் போகும் இடமெல்லாம் தாய் நாகலட்சுமி கூடவே போனதை நாடே பார்த்தது. வீட்டில் போட்டிக்கு ஆளும் வெளியே துணைக்கு ஆளும் இருந்ததோடு, சென்னையில் ஆர்.பி. ரமேஷும் ஆர்த்தி ராமசாமியும் நடத்தும் செஸ் குருகுலம் என்ற பயிற்சிக்கூடமும் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த ஆர்த்தியே 1999இல் 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலக சாம்பியன். வைஷாலியின் திறமையை இது எந்த விதத்திலும் குறைக்கவில்லை. திறமை காய்ப்பதற்கு எத்தனை கைகள் தேவைப்படுகின்றன என்பதைத்தான் காட்டுகிறது.

லீக் என்னும் அணிப் போட்டி இந்தக் கைகளை ஒன்று சேர்க்கிறது. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் பெண்கள் பிரிவில் இந்தியா முதன்முதலாகப் பதக்கம் பெற்றது. ஹம்பி, ஹரிகா, வைஷாலி, தானியா, பக்தி குல்கர்னி ஆகியோர் அடங்கிய முதல் அணிக்கு வெண்கலம். நான்காவது சுற்றில் அந்த அணி ஹங்கேரியைச் சந்தித்தபோது முதல் மூன்று போர்டுகளும் டிராவில் முடிந்தன. நான்காவது போர்டில் தானியா சச்தேவ் வென்றதால் இரண்டரைக்கு ஒன்றரை என்று போட்டி நம் பக்கம் வந்தது. 2024இல் புடாபெஸ்டில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றபோதும் கதை அதுதான். பத்தாவது சுற்றில் சீனாவுக்கு எதிராக மற்ற மூன்று ஆட்டங்களும் டிரா ஆக, திவ்யா தேஷ்முக் பெற்ற ஒரே வெற்றி போட்டியைத் தீர்த்தது. தனிநபர் தங்கம் கிடைத்ததும் மூன்றாவது போர்டில் ஆடிய திவ்யாவுக்கும் நான்காவது போர்டில் ஆடிய வந்திகா அகர்வாலுக்கும்தான். அணிப் போட்டியில் முதல் போர்டுக்கு வெள்ளைக்காய் வந்தால் இரண்டாவதற்குக் கறுப்பு, மூன்றாவதற்கு வெள்ளை என்று மாறி மாறி வரும். எதிரணியில் யார் எந்த இடத்தில் உட்காரக்கூடும் என்று முந்தைய இரவே ஓரளவு கணித்துவிடலாம். கறுப்புக்காய் பிடிப்பவள் இறுக்கமான ஓப்பனிங்கை எடுத்து டிராவுக்கு ஆடுவதா, வெள்ளைக்காய் பிடிப்பவள் சிக்கலான ஓப்பனிங்கை எடுத்து வெற்றிக்குப் பாய்வதா என்று கூடிப் பேசி முடிவெடுக்க முடியும். ஆட்டம் நடக்கும்போது கேப்டன் நகர்த்தலைச் சொல்லக் கூடாது. டிரா கேட்கலாம், டிராவை ஏற்கலாம், ஆட்டத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று மட்டும் சொல்ல விதி அனுமதிக்கிறது. ஒவ்வொரு நகர்த்தலையும் தனியாக ஆடினாலும், எந்தப் பாதையில் போவது என்பதை நால்வரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள்.

இதில் பலர் கவனிக்காத நீதி ஒன்று இருக்கிறது. தனிநபர் போட்டியில் நன்றாக ஆடுகிறவளுக்கு மட்டும்தான் கவனிப்பு. முதல் மூன்று சுற்றுகளில் தோற்றவள் கடைசி மேஜைக்குப் போய்விடுகிறாள், அடுத்த வருஷம் வருவதில்லை. அணியில் நான்காவது போர்டும் முதல் போர்டும் ஒரே எடை. எனவே முதல் போர்டுக்காரி தன் சுயநலத்துக்காகவாவது நான்காவது பெண்ணுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. பிறநாட்டு லீக்குகள் இதைப் புரிந்துகொண்டிருக்கின்றன. ஜெர்மனியில் பெண்களுக்கென்றே தனி பூண்டஸ்லிகா இருக்கிறது. ஓர் அணிக்கு ஆறு போர்டு. பிரான்சின் முதல் நிலை லீக்கில் ஒவ்வொரு அணியும் பெண் ஒருவரைக் கட்டாயம் இறக்க வேண்டும். இந்தியர்கள் தொடங்கிய குளோபல் செஸ் லீக்கில் ஆறு பேரில் இருவர் பெண்கள். 2020இல் இணையத்தில் நடந்த ஒலிம்பியாடில் அணியில் பெண்களும் இளம் ஆட்டக்காரி ஒருவரும் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். போலந்துக்கு எதிரான அரையிறுதி டைபிரேக்கருக்குப் போனபோது, மோனிகா சோச்கோவை வென்று இந்தியாவை இறுதிக்கு அனுப்பியவர் ஹம்பி. ஆனால் நம் ஊரில் பெண்கள் அணிச் செஸ் என்பது பெரும்பாலும் ஏணியின் உச்சியில்தான் தொடங்குகிறது. தேசிய அணிப் போட்டியில் பெட்ரோலியத் துறை, எல்ஐசி என்று வேலை கொடுத்த நிறுவனங்களின் பெயரில் பெண்கள் ஆடுகிறார்கள். வேலை கிடைக்கும் அளவுக்குத் தேறிய பிறகு அணி கிடைக்கிறது. தேறுவதற்கு அணி வேண்டிய வயதில் கிடைப்பதில்லை.

இப்போது ஜவ்வாது மலைக்கு வருவோம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்கள் சந்திக்கும் இந்த மலைத்தொடரில் ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் ஊர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சாமை விளைகிறது, தேன் எடுக்கிறார்கள், பலாவும் புளியும் சந்தைக்கு இறங்குகின்றன. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. பிள்ளைகள் பலர் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். 2011இல் தமிழக அரசு 7 முதல் 17 வயது வரையிலான மாணவர்களுக்குப் பள்ளிகளில் செஸ் கற்றுத்தரும் திட்டத்தைத் தொடங்கியது. மாமல்லபுரம் ஒலிம்பியாடின்போது ‘தம்பி’ என்ற குதிரைச் சின்னம் பட்டிதொட்டியெல்லாம் தெரிந்த முகமானது. ஆர்வத்துக்குக் குறைவில்லை. காய் நகர்த்தத் தெரிந்த பெண் பிள்ளைக்கு அடுத்த படியாக வாரம் தவறாமல் எதிரே உட்காரும் ஆளும், தோற்றால் வருத்தப்படுவதற்கு ஓர் அணியும் வேண்டும். சென்னையில் அதைப் பணம் வாங்கித் தரும். மலையில் பணம் இல்லை. ஆனால் உண்டு உறைவிடப் பள்ளியில் நகரத்துக் குடும்பங்கள் ஏங்கும் ஒன்று இருக்கிறது. ஒரே கூரையின் கீழ், மாலை வேளைகளில், ஒத்த வயதுப் பெண் பிள்ளைகள் பல பேர் சேர்ந்து இருக்கிறார்கள். போல்கர் வீட்டில் மூன்று பேர்தான் இருந்தார்கள்.

இந்தப் பெண் பிள்ளைகளைக் கொண்டு ஒரு லீக் தொடங்கலாம் என்றால் வரக்கூடிய முதல் மறுப்பு: பெண்களுக்குத் தனி லீக் என்றால் தரம் தாழ்ந்துவிடாதா? மூளை ஆட்டத்தில் ஆண் பெண் பேதம் எதற்கு? நியாயமான கேள்வி. 1976இல் ரோகிணி காடில்கர் ஆண்களுக்கான தேசிய சாம்பியன்ஷிப்பில் ஆடியபோது எழுந்த எதிர்ப்பு நீதிமன்றம் வரை போனது. உலக செஸ் கூட்டமைப்பின் தலைவர் மாக்ஸ் யூவே, பெண்களைத் தடுக்க முடியாது என்று தெளிவாக்கினார். அந்த உரிமையை யாரும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஜூடித் போல்கர் பெண்களுக்கான தனிநபர் பட்டங்களைச் சீண்டாமல் ஆண்களோடே ஆடி 2735 ரேட்டிங்கையும் உலகின் எட்டாவது இடத்தையும் எட்டினார் என்பதைத் தனி லீக்கை எதிர்ப்பவர்கள் எப்போதும் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்ததே தெசலோனிகியில், பெண்கள் அணியில் அவர் ஆடியபோதுதான். 1990இலும் அதே அணியில் ஆடித் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு, 15 வயதில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொதுவான கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றார். பெண்கள் அணி அவருக்கு வேலியாக இருக்கவில்லை, படியாகத்தான் இருந்தது. மேலே ஏறியவள் படியில் நிற்காமல் போகட்டும். அதற்காகப் படியே வேண்டாம் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. சகோதரிகள் சேர்ந்து ஜெயித்தார்கள் என்றால் அது பரம்பரைத் திறமையாகவும் இருக்கலாமே? அதை முற்றிலும் மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ஜார்ஜியாவைப் பாருங்கள். நாற்பது லட்சம் பேர்கூட இல்லாத மலைநாடு. 1962 முதல் 1991 வரை உலகப் பெண்கள் சாம்பியன் பட்டம் அந்த நாட்டின் இருவரிடமே இருந்தது: முதலில் நோனா கப்ரின்டாஷ்விலி, அவரைத் தோற்கடித்து மாயா சிபுர்டனிட்ஸே. இருவரும் உறவினர் அல்லர். நோனாவை முன்மாதிரியாகப் பார்த்து ஒரு தலைமுறைப் பெண்கள் செஸ் கூடங்களில் சேர்ந்தார்கள். தனி நாடான பிறகு 1992, 1994, 1996, 2008 ஆகிய ஆண்டுகளில் ஒலிம்பியாட் தங்கம் ஜார்ஜியப் பெண்களுக்குப் போனது. எண்ணிக்கையின் பங்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜெர்மன் ஆட்டக்காரர்களின் ரேட்டிங்கை வைத்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, உச்சியில் இருக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான வித்தியாசத்தில் 96 சதவீதத்தை, ஆடுகிறவர்களின் எண்ணிக்கை வித்தியாசமே விளக்கிவிடுகிறது என்றது. அந்தக் கணக்கு முறையை மறுத்தவர்களும் உண்டு. சதவீதத்தில் சண்டை போடலாம். அடியில் ஆட்கள் குறைவாக இருந்தால் உச்சியிலும் குறைவாகவே இருப்பார்கள் என்பதில் சண்டை இல்லை. 2025 ஜூலையில் பெண்கள் உலகக் கோப்பையை வென்று திவ்யா கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவர் இந்தியாவின் 88ஆவது கிராண்ட்மாஸ்டர், ஆனால் பெண்களில் நான்காமவர். ஹம்பி, ஹரிகா, வைஷாலி, திவ்யா, பட்டியல் அவ்வளவுதான்.

கைப்பேசி இருக்கிறதே, லிச்செஸ் போன்ற தளங்களில் ஓப்பனிங் புத்தகமும் கணினி எஞ்சினும் இலவசமாகக் கிடைக்கின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கிறது, நல்லதுதான். சிக்னல் கிடைக்கும் இடத்தில் பயன்படுத்தவும் வேண்டும். ஆனால் எஞ்சின் ‘வெள்ளைக்கு சாதகம் 0.4’ என்று எண்ணைக் காட்டும். ஏன் என்று சொல்லாது. அந்த ஏனைக் கண்டுபிடிப்பதுதான் செஸ் கற்பது. அதிலும் தொடக்க நிலையில் பத்து ஓப்பனிங்குகளை மனப்பாடம் செய்வதைவிட, வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு என்று எடுத்துக்கொண்டு அவற்றின் எண்ணத்தைப் புரிந்துகொண்டு நூறு ஆட்டம் ஆடுவது மேல். நூறு ஆட்டத்துக்கு நூறு தடவை எதிரே உட்கார மனிதர் வேண்டும். மருத்துவமனைக்கும் சாலைக்கும் வழி தேடும் மலையில் செஸ் ஒரு கேடா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். சாலையும் மருத்துவமனையும் முதலில் வேண்டியவைதான். அவற்றுக்கான நிதியில் செஸ் கை வைக்கப் போவதில்லை. மைதானம் வேண்டாம், காலணி வேண்டாம், மழை பெய்தாலும் ஆடலாம். பலகை, காய், கடிகாரம், ஓர் ஆசிரியர், ஒரு வேன் போதும். மலைப் பெண் பிள்ளைகளுக்கு உரியது என்ன என்பதை நாம் சாதத்தோடும் சான்றிதழோடும் நிறுத்திக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. இந்தப் பகுதியின் மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருவர் 2024இல் சிவில் நீதிபதி தேர்வில் வென்றபோது தமிழ்நாடே வாழ்த்தியது. எந்த மேஜையில் அவர்கள் உட்காரலாம், எதில் உட்காரக் கூடாது என்று வரம்பு கட்டும் வேலை நமக்கு வேண்டாம்.

எனவே கேட்பது பெரிய திட்டம் அல்ல. ஒவ்வொரு உண்டு உறைவிடப் பள்ளியிலும் நான்கு பெண்களும் ஒரு மாற்று ஆட்டக்காரியும் கொண்ட ஓர் அணி. ஜமுனாமரத்தூர், போளூர், செங்கம், ஆலங்காயம், திருப்பத்தூர் என்று மலையும் அடிவாரமும் கலந்த ஒரு லீக். மாதம் ஒரு சனிக்கிழமை ஒருவர் ஊருக்கு இன்னொருவர் போய் ஆட வேண்டும். மலைப் பிள்ளைகளே எப்போதும் கீழே இறங்குவது என்றில்லாமல் அடிவாரத்துப் பள்ளிகளும் மேலே ஏறி வர வேண்டும். ஆட்டங்களைப் பிள்ளைகள் தாளில் எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் எழுதிய ஆட்டம்தான் அடுத்த மாதத்தின் ஓப்பனிங் பாடம். ஏற்கெனவே நடக்கும் மாவட்ட அணிப் போட்டிகளில் நான்கு போர்டில் ஒன்றாவது பெண் பிள்ளைக்கு என்று விதி எழுதுவதற்குச் செலவு எதுவும் இல்லை. பழங்குடியினர் நலத்துறையும் பள்ளிக் கல்வித் துறையும் மாவட்ட செஸ் சங்கங்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் அடுத்த கல்வியாண்டிலேயே முதல் சுற்றை நடத்திவிடலாம். இந்தக் கட்டுரையைப் படிக்கும் வாசகர் அந்த மூன்று மாவட்டங்களில் ஆசிரியராகவோ, சங்க நிர்வாகியாகவோ, காய் நகர்த்தத் தெரிந்த ஓய்வு பெற்றவராகவோ இருந்தால், யாரும் உத்தரவு போடும்வரை காத்திருக்காமல் பக்கத்துப் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: எங்களிடம் நான்கு பெண்கள் இருக்கிறார்கள், உங்கள் நால்வரை எப்போது ஆட அனுப்புகிறீர்கள் என்று.